வரிக்குதிரை குதிரையா, கழுதையா? மகள் கேட்டாள், மாட்டிக்கொண்டேன்

அடையாறு_அப்பா

விடுமுறைக்கு மைசூர் போயிருந்தோம். விலங்குக் காட்சிச்சாலையில் வரிக்குதிரை அடைப்புக்கு முன்னால் மகள் (ஐந்தாம் வகுப்பு) நகராமல் நின்றுவிட்டாள். நான் காபிக்குப் பறந்துகொண்டிருந்தேன். திடீரென்று, "அப்பா, இதுக்கு வால் குதிரை வால் மாதிரி இல்லையே. நுனியில மட்டும்தான் முடி இருக்கு. கழுதைக்குத்தானே அப்படி?" என்றாள்.

பெயரிலேயே குதிரை இருக்கிறதே, குதிரைதான் என்று சமாளித்தேன். "அப்ப நீர்யானை யானையா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமருந்து

உங்கள் மகள் பார்த்தது சரி. நான் கால்நடை மருத்துவன். குதிரை, கழுதை இரண்டையும் நிறையப் பிடித்திருக்கிறேன். வரிக்குதிரையைத் தொட்டது ஒரே ஒரு முறை, அதுவும் மயக்க மருந்தில் கிடந்தபோது. அன்று ஆர்வத்தில் நான் முதலில் தடவிப் பார்த்தது காலைத்தான்.

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உட்பக்கமாக, முடி இல்லாமல் காய்ந்த மரப்பட்டைபோல ஒரு தடிப்பு இருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரியும். செஸ்ட்நட் என்று பாடத்தில் படித்தோம். பின்னங்காலிலும் மடக்குக்குக் கீழே உட்பக்கம் சின்னதாக ஒன்று இருக்கும். ஆக நாலு காலுக்கு நாலு. கழுதைக்கு முன்னங்காலில் மட்டும்தான், அதுவும் தட்டையாக, கறுப்புத் தோல் ஒட்டுப்போட்டதுபோல. வரிக்குதிரைக்கும் அதேதான்: முன்னால் இரண்டு, பின்னால் வழவழவென்று ஒன்றும் இல்லை.

பிடரி நிமிர்ந்து நிற்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மங்கோலியாவின் காட்டுக் குதிரைக்கும் பிடரி அப்படித்தான் துடைப்பம் மாதிரி நிற்கும். அது குதிரைப் பக்கம்.

வெட்டிப்பேச்சு

அப்போ இன்று முதல் வரிக்கழுதை. பாடப்புத்தகத்தைத் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதிவிடலாமா?

தொல்லெலும்பு

மனு எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம். வரிக்குதிரை கழுதை அல்ல. கழுதைக்கு நெருங்கிய உறவு, அவ்வளவுதான். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் வரிக்குதிரையும் கழுதையும் ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள். குதிரை, அந்தத் தாத்தாவின் பங்காளி வீட்டுப் பிள்ளை.

குதிரைக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் இனங்கள் ஏழு: குதிரை (மங்கோலியக் காட்டுக் குதிரையை இதில் சேர்த்துக்கொள்கிறேன்), ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை, ஆசியக் காட்டுக் கழுதை, திபெத், லடாக் மேட்டுநிலங்களில் திரியும் கியாங், அப்புறம் மூன்று வரிக்குதிரைகள். இந்த ஏழுக்கும் மூதாதை வட அமெரிக்காவில் இருந்தது. மரபணுக் கணக்குப்படி சுமார் 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரைக் கிளை தனியே பிரிந்துபோனது. மற்ற ஆறும் சேர்ந்து இன்னொரு கிளை. அந்தக் கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அன்று இணைத்திருந்த நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்து, அதற்கப்புறம்தான் கழுதை என்றும் வரிக்குதிரை என்றும் பிரிந்தது. வரிகள் ஆப்பிரிக்காவோடு நின்றன.

குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, சமவெளி வரிக்குதிரைக்கு 44, மலை வரிக்குதிரைக்கு 32. மனிதர்கள் பிடித்துக் கட்டி வைத்தால் இவை ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போடத்தான் செய்கின்றன. ஆனால் கோவேறு கழுதை மாதிரியே அந்தக் குட்டிகளும் பெரும்பாலும் மலடு.

சவன்னா_சங்கர்

நான் கென்யாவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நைரோபிக்கு வந்த புதிதில் எனக்கும் வரிக்குதிரை என்றால் ஒன்றுதான். ஒருமுறை வடக்கே சம்புரு பக்கம் போனபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "இது வேறு ஆள்" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "காதைப் பார்" என்றார். உண்மைதான், வட்டமாக, பெரிதாக, ஒரு சின்னக் கரண்டியைக் கவிழ்த்த மாதிரி காது. வரிகள் மெல்லிசு, நெருக்கம், யாரோ சீப்பால் இழுத்த மாதிரி. வயிறு மட்டும் சுத்த வெள்ளை.

அதுதான் கிரேவி வரிக்குதிரை. காட்டில் வாழும் இந்தக் குடும்பத்திலேயே உருவத்தில் பெரியது. 1882இல் அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) பிரான்ஸ் குடியரசுத் தலைவர் ழூல் கிரேவிக்குப் பரிசாகப் போன விலங்கு, அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. குழம்பு என்று நினைத்து என் மனைவி முதல் நாள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

இங்கே விஷயம் என்னவென்றால், கிரேவி கத்துவதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கழுதை என்று சொல்லிவிடுவீர்கள். மூச்சை இழுத்து இழுத்துப் பெரிதாகக் கத்தி, கடைசியில் ஒரு கீச்சு. சமவெளி வரிக்குதிரை அப்படி இல்லை, அது நாய் குரைப்பதுபோல 'க்வா-ஹா, க்வா-ஹா' என்று துண்டு துண்டாகக் கத்தும்.

குடும்ப வாழ்க்கையும் வேறு. சமவெளி வரிக்குதிரையில் ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள் என்று நிரந்தரக் குடும்பம். மலையினமும் அப்படித்தான். கிரேவியில் அப்படி ஒட்டுறவு கிடையாது. ஆண் தண்ணீருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கும், பெட்டைகள் வரும், போகும். காட்டுக் கழுதைகளும் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். மருத்துவர் ஐயா உறுதிப்படுத்தவும்.

எண்ணிக்கை பரிதாபம். 1970களில் 15,000 வரை இருந்ததாகக் கணக்கு. இன்று கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் சேர்த்து 3,000 சுற்றுவட்டாரம். தோலுக்காகச் சுட்டது ஒரு பக்கம். அப்புறம் ஆடு மாடுகள் பெருகி, புல்லும் தண்ணீரும் போட்டியானது. 2016, 2018 ஆண்டுகளில் இரண்டு நாள் மக்கள் கணக்கெடுப்பு மாதிரி ஒன்று நடத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள், காட்டுக் காவலர்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் கேமராவோடு போகலாம். ஒரே நிபந்தனை: விலங்கின் வலது பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். ஏன் என்றால் ஒவ்வொன்றின் வரியும் கைரேகை மாதிரி தனி. ஒரே பக்கத்தை எடுத்தால்தான் கணினி ஒப்பிட்டு, ஒன்றை இரண்டாக எண்ணாமல் பிரிக்கும். 2018இல் நானும் போனேன். அரை நாள் வெயிலில் காத்திருந்து மூன்று கிரேவி கிடைத்தது. மூன்றும் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டே நின்றன.

ஊசிமருந்து

உறுதிப்படுத்துகிறேன் சங்கர். வறண்ட நிலத்தில் புல் சிதறிக் கிடக்கும், எல்லாரும் கூட்டமாக நின்று மேய முடியாது. அதனால் பெட்டையை விரட்டிக்கொண்டு திரிவதைவிடத் தண்ணீரைக் காப்பது லாபம். அவளே வருவாள்.

வெட்டிப்பேச்சு

எல்லாம் சரி, வரி எதற்கு? புல்லுக்குள் ஒளிந்துகொள்ளத்தானே? நாங்கள் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். கூட்டமாக ஓடும்போது சிங்கத்துக்குக் கண் கூசும் என்றும் ஆசிரியர் சொன்னார்.

சவன்னா_சங்கர்

ஒளிவதா? காய்ந்த புல்வெளியில் ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வெறுங்கண்ணுக்கே தெரிகிறது அண்ணா. ஒளிய நினைக்கிற விலங்கு இவ்வளவு சத்தமும் போடாது. சிங்கம் தாராளமாகப் பிடிக்கிறது, கண் கூசியதாகத் தெரியவில்லை.

ஊசிமருந்து

இன்றைக்கு அதிக ஆதாரம் உள்ள விளக்கம் ஈ. டிம் காரோ என்ற உயிரியலாளர் பல வருடங்களாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறார். அவர் குழு 2019இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. இங்கிலாந்தில் ஒரு குதிரைப் பண்ணையில் வரிக்குதிரைகளையும் சாதாரணக் குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் படம் எடுத்தார்கள். கடிக்கும் பெரிய ஈ இரண்டையும் சுற்றிப் பறப்பது ஒரே அளவு. உட்காருவதுதான் வரிக்குதிரையில் மிகக் குறைவு. கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் முட்டிவிட்டுப் போகிறது, இல்லை தாண்டிப் போய்விடுகிறது. ஒருவேளை வாசனைதான் காரணமோ என்ற சந்தேகம் வரும் இல்லையா? அதற்காக ஒரே குதிரைக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று விதப் போர்வை மாற்றி மாற்றிப் போட்டார்கள். வரிப் போர்வையில் ஈ குறைவு. போர்வை மூடாத தலையில் மட்டும் எப்போதும்போல மொய்த்தது.

ஈ கடித்தால் என்ன, வாலால் அடித்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்தைக் கொல்லும் நோய்கள் பலவும் கடிக்கும் பூச்சிகளோடுதான் வருகின்றன. வரிக்குதிரையின் முடியும் குட்டை, ஈயின் ஊசி சுலபமாக உள்ளே இறங்கிவிடும். மான்களுக்கு இவ்வளவு மோசம் இல்லை.

வெயிலில் உடம்பைக் குளிர வைக்கத்தான் வரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாலைவனத்துக் காட்டுக் கழுதை வரி இல்லாமலேதான் காலம் தள்ளுகிறது.

வெட்டிப்பேச்சு

அப்போ எங்கள் ஊர் மாட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு எடுத்து வரி போட்டுவிடலாமா டாக்டர்?

ஊசிமருந்து

கிண்டலுக்குக் கேட்கிறீர்கள். ஜப்பானில் செய்தே பார்த்துவிட்டார்கள். ஆறு கறுப்பு மாடுகளுக்கு வெள்ளை வரி தீட்டி எண்ணினார்கள், ஈக்கடி ஏறத்தாழப் பாதியானது. 2019இல் வந்த ஆய்வு, 2025இல் 'சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும்' இக்நோபல் பரிசும் வாங்கியது. மழையில் சாயம் கரையும், நாலு நாளைக்கு ஒருமுறை யார் தீட்டுவது என்பது தனிக் கவலை.

கட்ச்_காற்று

நேற்றுதான் இந்த இழையைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவுக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். நம் நாட்டு ஆளை ஒருவரும் சொல்லவில்லையே.

நான் குஜராத்தில், கட்ச் பக்கத்து உப்புப் பாலையான சிறிய ராண் ஓரத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாலு வருடம் இருந்தேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. முதல் வாரம் விடியற்காலையில் பைக்கில் போகும்போது, வெடித்துக் கிடந்த உப்புத் தரையில் ஏழெட்டு விலங்கு நின்றது. வயிறும் கால்களும் பால் வெள்ளை, மேலே சந்தன நிறம், முதுகுத்தண்டு முழுக்கப் பிடரியிலிருந்து வால் வரை கரிக்கோடு. கழுதை என்று நினைத்து ஹாரன் அடித்தேன். காது மடங்கியது, அவ்வளவுதான். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு கழுதை என்று வாய் வராது. என் பழைய பைக் 60 தொட்டபோதும் அவை முன்னால் போய்க்கொண்டிருந்தன. அப்போது அறிவில்லாமல் துரத்தினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உள்ளூரில் கூட்கர் என்பார்கள். ஆசியக் காட்டுக் கழுதையின் இந்திய வகை. ஒரு காலத்தில் சிந்து, பலுசிஸ்தான் வரை இருந்தது. இன்று உலகத்திலேயே இதன் வலுவான ஒரே கூட்டம் இங்கேதான். 1960ஐ ஒட்டி, கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயும் ஆப்பிரிக்கக் குதிரை நோயும் வந்து வாரிக்கொண்டு போய், 1969 கணக்கெடுப்பில் 362தான் மிச்சம். 1970களின் தொடக்கத்தில் சரணாலயம் ஆக்கினார்கள், சுமார் 4,950 சதுர கிலோமீட்டர். 2024 கணக்கில் 7,672. நம் நாட்டில் இப்படித் திரும்பி வந்த விலங்குகள் விரல் விட்டு எண்ணலாம்.

மழைக்காலத்தில் ராண் முழுக்கத் தண்ணீர். ஆங்காங்கே மேடுகள் தீவுபோல நிற்கும், 'பேட்' என்பார்கள். புல் முளைப்பது அங்கேதான், குட்டி போடுவதும் அந்தப் பருவத்தில்தான். தண்ணீர் வற்றியதும் அகரியா மக்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டு, நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டி உப்பு எடுப்பார்கள். எட்டு மாதம் அங்கேயே வாழ்க்கை. காட்டுக் கழுதைக்கும் அவர்களுக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் ஓரத்து விவசாயிகளோடு. ராத்திரியில் கூட்டமாக வந்து சீரகத்தையும் கோதுமையையும் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் ராணுக்குள் போய்விடும். எண்ணிக்கை கூடியதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம், அந்த விவசாயி தட்டுவாரா தெரியாது.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்காக. அங்கேயும் சீமைக் கருவேலம்தான் எங்கு பார்த்தாலும். வேறு தீனி இல்லாத கோடையில் அதன் நெற்றைத் தின்கிறது, விதை செரிக்காமல் சாணியோடு வெளியே விழுகிறது. காய்ந்த சாணி உருண்டையை உடைத்துப் பார்த்தேன், உள்ளே பளபளவென்று விதைகள். அருப்புக்கோட்டைக்காரன் கருவேலத்திடமிருந்து தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

ஊசிமருந்து

அந்த ஆப்பிரிக்கக் குதிரை நோயைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏன் என்றால் இழை இங்கே ஒரு முடிச்சுக்கு வருகிறது. இந்த வைரஸ் வரிக்குதிரையின் உடம்பில் காய்ச்சல்கூடக் காட்டாமல் வாரக்கணக்கில் குடியிருக்கும். குதிரைக்கு வந்தால் நுரையீரலில் நீர் கோத்து, மூக்கில் நுரை தள்ளிச் சாகும். பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கொசு மாதிரிப் பூச்சி.

1987இல் நமீபியாவிலிருந்து ஸ்பெயினுக்கு இறக்கிய வரிக்குதிரைகளோடு இது ஐரோப்பாவுக்குள் போனது. 2020இல் தாய்லாந்தில் 500க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன, அங்கேயும் சந்தேகம் இறக்குமதியான வரிக்குதிரைகள் மீதுதான். அழகுக்காக வரிக்குதிரை வாங்கி ரிசார்ட்டில் நிறுத்த ஆசைப்படுபவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் முன்பணமே கொடுத்துவிட்டு வந்தார். நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை, அப்புறம் என் போனை எடுப்பதில்லை.

மன்னாரான்

வணக்கம். நான் இலங்கை, மன்னார். எங்கட பட்டினத்துத் தெருவெல்லாம் கழுதைதான், ஆரும் வளர்க்கிறதில்லை. பேருந்து நிலையத்தில் ஆள்களோடு ஆளாக நிற்கும். அராபிய வணிகரோடு வந்தது எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். நெடுந்தீவில் குதிரைகளும் அப்படித்தான் திரியுது. இவையும் காட்டுக் கழுதை, காட்டுக் குதிரைக் கணக்கில் சேருமோ?

தொல்லெலும்பு

சேராது நண்பரே. உங்கள் ஊர்க் கழுதை, நெடுந்தீவுக் குதிரை, எங்கள் கோடியக்கரை மட்டக்குதிரை எல்லாம் வீட்டில் வளர்த்து அவிழ்த்துவிடப்பட்டவற்றின் வம்சம். கட்ச்சில் இருப்பது யாரும் எப்போதும் கட்டிவைக்காத விலங்கு.

ஆனால் உங்கள் மன்னார்க் கழுதையின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரம். அங்கே சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுக் கழுதையைப் பழக்கினார்கள். அந்தத் தாய்க் காட்டுக் கழுதை இன்று எரித்திரியா, எத்தியோப்பியா பக்கம் சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் சோமாலிய வகையின் படத்தைத் தேடிப் பாருங்கள். உடம்பு சாம்பல், நாலு காலிலும் முழங்கால் தாண்டி அச்சு அசலாக வரிக்குதிரை வரி! வரிக்குதிரைக்குக் காலுறை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதை உருவிவிட்ட மாதிரி.

வெட்டிப்பேச்சு

கழுதையைப் பழக்கினவன் பக்கத்திலேயே மேய்ந்த வரிக்குதிரையை ஏன் விட்டான்?

சவன்னா_சங்கர்

கிட்டே போய்ப் பாருங்கள், தெரியும். கடித்தால் விடாது. பின்னங்கால் உதை சிங்கத்தின் தாடையையே பெயர்க்கும். கயிற்றை வீசினால் தலையைத் தாழ்த்தி நழுவிவிடும். லண்டனில் வால்டர் ராத்ஸ்சைல்டு பிரபு வரிக்குதிரை வண்டி ஓட்டிப் படம்கூட எடுத்துக்கொண்டார், நாலு வரிக்குதிரை வண்டி இழுக்கலாம், அதற்காக இனமே பழகிவிட்டது என்று ஆகாது.

தொல்லெலும்பு

காட்டுக் கழுதையும் அப்படித்தான் முரடு. சிரியாவில் 4,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்திரம் செய்தார்கள். பெட்டைக் கழுதையோடு ஆண் சிரியக் காட்டுக் கழுதையைச் சேர்த்து 'குங்கா' என்று ஒரு கலப்பு விலங்கை உருவாக்கினார்கள். குதிரை அந்தப் பக்கம் வருவதற்கு முன், ராஜாக்களின் தேரை இழுத்தது அதுதான். மலடு என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டுக் கழுதையைப் பிடித்தாக வேண்டும். உம் எல்-மர்ரா என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த எலும்புகளின் டி.என்.ஏ. 2022இல் இதை உறுதிசெய்தது. அதில் தகப்பனாக இருந்த சிரியக் காட்டுக் கழுதை, ஆள் இடுப்பு உயரமே இருந்தது, 1920களின் கடைசியில் அற்றுப்போனது.

இந்தக் குடும்பத்தில் இழப்புக்குப் பஞ்சமில்லை. தென்னாப்பிரிக்காவில் குவாகா என்று ஒரு வரிக்குதிரை இருந்தது, தலையும் கழுத்தும் வரி, பின்பக்கம் வெறும் பழுப்பு. பெயர் அதன் கத்தலிலிருந்தே வந்தது. குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்டுக்குப் புல் வேண்டும் என்று சுட்டுத் தள்ளினார்கள். கடைசி ஒன்று 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் காட்சிச்சாலையில் செத்தபோது, அதுதான் கடைசி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நூறு வருடம் கழித்து, 1984இல், அற்றுப்போன விலங்குகளிலேயே முதன்முதலாக டி.என்.ஏ. படிக்கப்பட்டது இதனுடையதுதான். சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகை என்று தெரிந்தது.

கட்ச்_காற்று

அதைத் திரும்ப உருவாக்குகிறார்களாமே?

தொல்லெலும்பு

ரைன்ஹோல்ட் ராவ் என்பவர் 1987இல் தொடங்கினார். வரி குறைந்த சமவெளி வரிக்குதிரைகளாகத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். இன்று பார்க்க அப்படியே குவாகா. என்னைக் கேட்டால் அது குவாகா வேஷம் போட்ட சமவெளி வரிக்குதிரை. தோலின் நிறம் மட்டுமா விலங்கு? ஆனால் சங்கர் மாதிரி ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்.

சவன்னா_சங்கர்

வரமாட்டேன். அந்தப் பணத்தில் கிரேவிக்கு இரண்டு தண்ணீர்த் தொட்டி கட்டலாம் என்றுதான் சொல்வேன்.

அடையாறு_அப்பா

அடேயப்பா, காபி ஆறுவதற்குள் இவ்வளவா. எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். குங்கா பிடித்திருந்தது. சோமாலியக் கழுதையின் படத்தை என் போனில் முகப்பாக வைத்துவிட்டாள்.

மருத்துவர் சொன்ன கால் விஷயத்தை மட்டும் நம்பமாட்டேன், நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். சவாரிக் குதிரைக்காரத் தம்பியிடம், சவாரி வேண்டாம், பின்னங்காலைக் காட்டுங்கள் என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு காட்டினார். இருந்தது, புளியங்கொட்டை அளவுக்கு.

கழுதைக்கு எங்கே போவது என்று இருந்தேன். இன்று காலையில் தெருவில் "கழுதைப் பாலு, கழுதைப் பாலு" என்று குரல். இவள் பல் தேய்த்த வாயோடு ஓடினாள். முன்னங்காலில் கறுப்பாகத் தட்டையாக ஒட்டு இருந்தது. பின்னங்காலில் குனிந்து குனிந்து தேடினாள், ஒன்றும் இல்லை. கழுதை ஓர் உதை விடுவதற்குள் நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். தலைப்பு 'வரிக்கழுதை', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சொந்தக்காரன்'.

ஊசிமருந்து

படத்தை இங்கே போடுங்கள். பின்னங்காலைச் சரியாக வரைந்திருக்கிறாளா என்று பார்க்கிறேன்.